படம் யாருக்காக?

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை இரவு என் அண்ணன் மகள் புலனத்தில் ஒரு படம் அனுப்பினாள். திருமணப் படப்பிடிப்பு நிறுவனம் ஒன்றின் கட்டணப் பட்டியல் அது. நிச்சயதார்த்தம், மருதாணி, தாலி கட்டு, விருந்து என்று வரிசையாகப் போட்டுக் கடைசி வரியில் 'பூடுவார்' என்று இருந்தது. அந்தச் சொல்லைச் சுற்றி அவளே சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். கீழே சில வரிகள்: "அத்தை, எனக்கு இது எடுத்துக்கணும்னு ஆசை. ஆனா கேமராவைப் பார்த்தா கையை எங்க வைக்கிறது, காலை எங்க வைக்கிறதுன்னே தெரியாது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அவளுக்கு 28 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வெளிநாட்டு அதிகாரிகள் இருபது பேர் முன்னால் நின்று தயங்காமல் பேசுவாள். ஆனால் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டால் போதும், பின்வரிசையில் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எடுத்த எங்கள் படங்களில் அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்தான் எப்போதும் தெரியும்.

பெயரைக் கேட்டே முகம் சுளிக்கும் வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பூடுவார் பிரெஞ்சுச் சொல். 18ஆம் நூற்றாண்டில் பெரிய வீடுகளில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய சிறிய தனியறைக்கு அந்தப் பெயர். 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது' என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. கோபமோ வருத்தமோ வந்தால் போய் உட்கார்ந்துகொள்ளும் அறை. இராமாயணத்தில் கைகேயி போய்ப் படுத்துக்கொண்ட கோப அறை உங்களுக்கு நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இன்று அந்தச் சொல், தனியறையில், தனக்குப் பிடித்த உடையில், பெரும்பாலும் தனக்காகவோ கணவருக்காகவோ ஒரு பெண் எடுத்துக்கொள்ளும் உருவப்படத்தைக் குறிக்கிறது. சிலர் குறைந்த ஆடையில் எடுத்துக்கொள்வார்கள், அது கட்டாயமில்லை. என் மருமகள் கேட்டது ஒரு வெள்ளைக் கைத்தறிப் புடவை, ஈரத் தலைமுடி, ஒரு ஜன்னல். நகை வேண்டாம், முகப்பூச்சு வேண்டாம். கல்யாணத்தன்று தன்னை யாரோ போல அலங்கரித்துவிடுவார்கள், அதற்கு முன் தன் முகத்தைத் தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கும் தயக்கம்தான். 'இதெல்லாம் நமக்கு எதற்கம்மா?' என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். அப்போது சுவரில் மாட்டியிருக்கும் என் அம்மாவின் படம் கண்ணில் பட்டது.

அம்மா 2009இல் காலமானார். மறுநாள் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போட ஒரு படம் கேட்டார்கள். நான்கு ஆல்பங்களைப் புரட்டினோம். அறுபத்தாறு வருடம் வாழ்ந்த மனுஷிக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. அடையாளக் கார்டில் இருந்தது மட்டும்தான். அதில் அம்மா ஏதோ குற்றம் செய்தவர் போல் விழித்துக்கொண்டிருந்தார். கேமராவை எடுத்தாலே உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "என்னை எதுக்குடா எடுக்கிற? பிள்ளைகளை எடு" என்பார். கடைசியில் ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தோம். பக்கத்தில் நின்றவரின் ரோஜா நிறப் புடவை அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மூலையாகத் தெரிகிறது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுகிறோம். அந்தப் புடவை யாருடையது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

எழுதியதை அழித்துவிட்டு, "நானும் கூட வரேன்" என்று அனுப்பினேன்.

கேமராவுக்கு முன்னால் நமக்கு ஏன் இப்படிக் கூச்சம்? பரம்பரையாக வந்த அடக்கம் என்பார்கள். எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. படம் எடுப்பதைப் பற்றிய எந்த முடிவும் நம் பெண்கள் கையில் இருந்ததில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் லம்பர்ட், பினாங்கில் காவுல்ஃபஸ் போன்ற ஐரோப்பியர்களின் படநிலையங்கள் இருந்தன. துறைமுகத்தில் இறங்கும் பயணிகளுக்கு இந்த ஊர் மக்களின் உருவங்களைப் படமாகவும் பின்னர் அஞ்சல் அட்டையாகவும் விற்கும் வியாபாரம் அந்தக் காலத்தில் நன்றாக நடந்தது. அவற்றில் தமிழ்ப் பெண்களும் உண்டு. மூக்குத்தி, காதணி, கழுத்து நிறைய நகை, பின்னால் திரை. கீழே 'கெலிங் பெண்' என்று அச்சடித்திருக்கும். பெயர் இருக்காது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தச் சொல்லை ஒரு காலத்தின் அடையாளமாகத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் இன்று நமக்குச் சுடும். அந்தப் பெண்களிடம் எப்படி உட்கார விருப்பம் என்று கேட்டிருப்பார்களா? படம் யார் கைக்குப் போகும் என்று சொல்லியிருப்பார்களா? அவர்கள் முகங்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விறைப்புக்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 1839இல் புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானபோது ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. பின்பு அது சில விநாடிகளாகக் குறைந்தது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றைக்கூட வைப்பார்கள். நம் தாத்தா பாட்டி நாற்காலியில் முட்டி மேல் கை வைத்து நேராகப் பார்க்கும் அந்த நிலை இப்படிப் பழகிப்போனது. தேவை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியறை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இந்த ஊர் சேர்ந்த பிறகு இப்படிப் பல வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடுகிறார்கள். லெபோ ஆர்மேனியனில் எர்னஸ்ட் சகரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால், சுற்றுப்பயணிகள் வரிசையில் காத்துக்கொண்டிருக்க, கல்யாண ஜோடிகள் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கூச்சப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்: அவள், நான், புகைப்படக் கலைஞரான ஓர் இளம்பெண். மரப்பலகை வைத்த பழைய ஜன்னல், ஒரு கட்டில், ஒரு நாற்காலி.

முதல் இருபது நிமிடம் அந்தப் பெண் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நாசி கண்டார் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று இருவரும் சண்டை போட்டார்கள். பிறகு, "முதல் முப்பது படம் அழிக்கிறதுக்குத்தான் அக்கா. அதனால எப்படி வேணா நில்லுங்க" என்றார். என் மருமகளின் தோள் அப்போதே ஒரு அங்குலம் இறங்கியது. அன்று நான் மூலையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கல்யாணப் படத்துக்கும் அலுவலகப் படத்துக்கும்கூட இவை உதவும்.

நிற்கும்போது உடல் எடையை ஒரு காலில் போடுங்கள். மற்ற முழங்கால் தானாக மடங்கும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், தோள் எதிர்ப்பக்கம் சாயும். இது மேல்நாட்டு உத்தி என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக்குப் புடவை வாங்கப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அம்பாள் அப்படித்தான் நிற்கிறாள். திரிபங்கம் என்று அதற்குப் பெயர்; உடல் மூன்று இடத்தில் வளையும் நிலை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் சிற்பிகளுக்குத் தெரிந்ததைத்தான் இன்று படப்பிடிப்பில் சொல்லித் தருகிறார்கள்.

கைக்கு வேலை கொடுங்கள். சும்மா தொங்கும் கைதான் நம்மைத் தவிக்க வைக்கிறது. முடியைக் கோதலாம், முந்தானையைச் சரிசெய்யலாம், வளையலைத் திருகலாம், தேநீர்க் கோப்பையைப் பிடிக்கலாம். கையை உடம்போடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டால் கை பருத்துத் தெரியாது. உட்காரும்போது நாற்காலியின் முன் விளிம்பில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்துங்கள். தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிறகு லேசாகத் தாழ்த்துங்கள். செய்யும்போது கோழி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். படத்தில் கழுத்து அழகாக விழும்.

கண்ணை வெகுநேரம் கேமராவில் ஊன்ற வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், மூச்சை முழுவதும் விடுங்கள், பிறகு திரும்புங்கள். திரும்பிய அந்தக் கணத்தில் எடுத்த படம்தான் உங்கள் படம். வரவழைத்த சிரிப்பு வேண்டாம். உண்மையாகச் சிரித்தால் வாயோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862லேயே எழுதிவிட்டார். கண் சிரிக்காத படத்தை நாம் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுகிறோம்.

"நான் படத்தில் நன்றாக இருக்க மாட்டேன்" என்று எல்லாரும் சொல்கிறோம் அல்லவா? அதற்கும் காரணம் இருக்கிறது. நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடம்வலம் மாறிய முகத்தை. கேமரா காட்டுவது மற்றவர்கள் பார்க்கும் முகத்தை. 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பெண்கள் தங்கள் படத்தில் கண்ணாடியில் தெரிவது போன்ற பிம்பத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய நெருங்கிய தோழிகளோ நேரான படத்தை விரும்பினார்கள். நமக்கு அந்நியமாகத் தெரியும் அந்த முகம்தான் நம்மை நேசிப்பவர்களுக்குப் பழகிய முகம். கைப்பேசியில் நாமே எடுக்கும் படம் இன்னும் மோசம். 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால், 5 அடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூக்கைக் குறை சொல்லாமல், தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறம். படச்சுருள் காலத்தில், படநிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி' அட்டை என்று ஒன்றை வைத்திருந்தன. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. நம் நிறம் கரிப்பிடித்தது போல் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்; நாம் நம் தோலையே குற்றம் சொன்னோம். 1990களில்தான் பல நிறத்தவர் சேர்ந்த அட்டைகள் வந்தன. இப்போது கேமராக்கள் தேறிவிட்டன, மென்பொருள் வேறு விதமாகப் படுத்துகிறது. கேட்காமலேயே வெளுப்பாக்கித் தருகிறார்கள். முன்பணம் கட்டும்போதே "நிறத்தை மாற்றக் கூடாது, தழும்பை அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் கலைஞர் மாவு பூசவில்லை. கையிலும் கழுத்திலும் துளி தேங்காய் எண்ணெய் தடவி, பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். தாமிரம் போல் மின்னியது.

இத்தனையும் உடம்புக்கான பயிற்சி. மனசுக்கான தைரியம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்தப் படம் எங்கே போகும் என்று தெரிந்தால்தான் தோள் உண்மையாகத் தளரும். அதனால் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டியவையும் உண்டு.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொல்லி எடுக்க வைத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொல்லி எடுக்க வைத்தவருக்கே சேரும். பலருக்கு இது தெரியாது. அதே நேரம், 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்பதைக் கவனியுங்கள். பொடி எழுத்தில் 'விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்' என்று இருக்கும். நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். என் மருமகள் அந்த வரியை அடித்துவிட்டு, மூல கோப்புகளை எந்தத் தேதிக்குள் அழிப்பார்கள் என்று எழுதச் சொன்னாள். கலைஞர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நல்ல கலைஞருக்கு இதில் கோபம் வராது. கோபம் வந்தால் அங்கே படம் எடுக்காதீர்கள். துணைக்கு ஆள் வரக் கூடாது என்று சொல்லும் இடத்துக்கும் போகாதீர்கள். முகத்தைக் காட்டாமல், முதுகும் கையும் மட்டும் தெரிய எடுத்துக்கொள்வதும் அழகான படம்தான்.

உடை எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். ஆனால் ஆபாசம் எனக் கருதப்படும் படத்தை விற்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டம் 292ஆவது பிரிவின் கீழ் குற்றம் என்பது நினைவிருக்கட்டும். உங்கள் அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவை 2021 முதல் இயங்குகிறது. படத்தை நாம் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கைப்பேசியிலேயே அதற்கு ஒரு மின் கைரேகையை உருவாக்கி, அதை மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுத்து, அந்தப் படம் அங்கே ஏறாமல் தடுக்க உதவுகிறது. வெட்கப்பட வேண்டியவர் படத்தில் இருப்பவர் அல்லர், திருடிப் பரப்பியவர்.

அன்று பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. கடைசி அரை மணி நேரம் அந்தக் கலைஞர் எதுவும் சொல்லவே இல்லை. என் மருமகள் தானாக எழுந்தாள், நடந்தாள், ஜன்னலைத் திறந்தாள், கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து முடியை உலர்த்தினாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எப்படி இருப்பாளோ அப்படி.

இனி அண்ணி விஷயம். ரகசியம் இரண்டு வாரம்தான் தாங்கியது. மருமகளே கொண்டுபோய்க் காட்டினாளாம். அண்ணி முதலில் திட்டினார். எனக்கும் தொலைபேசியில் கிடைத்தது: "நீங்களாவது புத்தி சொல்லியிருக்கலாம்." நியாயமான கோபம்தான், மகளைப் பற்றிய பயம். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஈர முடியோடு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும் படத்தில் மட்டும் வெகுநேரம் நின்றிருக்கிறார். "இது எங்க அம்மா முகம்" என்றாராம். அண்ணியின் அம்மாவுக்கும் வீட்டில் ஒரு நல்ல படம் கிடையாது. கடைசியில், "இது ஒண்ணை எனக்குக் கொடு. மத்ததெல்லாம் உன் அலமாரியிலயே இருக்கட்டும். யார் கண்ணிலயும் படக் கூடாது" என்று முடித்துவிட்டார். நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

எல்லாரும் மாடியறை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. சமையல் முடிந்து அம்மா முகம் கழுவிவிட்டு வரும்போது, ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள். கைப்பேசியை ஐந்தடி தள்ளிப் பிடியுங்கள். எந்தப் புடவை, எந்தப் பக்கம், யாருக்கு அனுப்பலாம் என்று அவரிடமே கேளுங்கள். முகத்தைக் கையால் மறைத்தால் காத்திருங்கள். கை எப்படியும் ஒரு நேரம் இறங்கும். அப்போது எடுங்கள்.

நானும் அந்தக் கலைஞரிடம் ஒரு சனிக்கிழமை கேட்டு வைத்திருக்கிறேன். என்ன புடவை என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.